கூட்டாத ரோடு

எங்கள் டவுனின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நகர சபைக்காரன் வழக்குப் போடுவான், வழக்குக்காகக் கண்டிக்கு அலைய எனக்கு நேரமில்லை. வத்தேகமவுக்கும் கண்டிக்கும் நடுவே பஸ் நின்று போகிற ஒரு சின்ன டவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் எங்கள் குவாட்டர்ஸ், பள்ளத்தில் சபையின் கந்தோர் கட்டடம், இடையில் ஒரே ஒரு கடைத்தெரு. அந்தத் தெருவை என் அப்பா பழனியாண்டி முப்பது வருசத்துக்கு மேல் கூட்டினார். அவருடைய அப்பாவும் அதே தெருவைத்தான் கூட்டினார். குடும்பப் பெருமை என்று நினைத்துவிடாதீர்கள். சபையின் சட்டம் அப்படி.

குவாட்டர்ஸ் வீடு விளக்குமாறு பிடிக்கிறவனுக்கு. அவன் பென்சன் போனால் அதே வீட்டிலிருந்து இன்னொருவர் விளக்குமாறைப் பிடிக்கவேண்டும். பிடிக்க ஆளில்லையா, வீட்டைக் காலி பண்ணு. அவ்வளவுதான் சட்டம். ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணிய பிள்ளையும், கம்ப்யூட்டர் படித்த பிள்ளையும், பெற்றவர்களின் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டுமே என்று கடைசியில் குப்பைவண்டி தள்ளப் போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். யாரும் யாரையும் அடிக்கவில்லை, விலங்கு போடவில்லை. வீட்டைக் காட்டியே வேலைக்குப் பிடித்தார்கள்.

எனக்குப் பல்லேகலயில் ஒரு கார்மென்ட்ஸில் வேலை. பெயர் கஜனி. கல்யாணமாகவில்லை, ஆகாததற்கு என் வாய்தான் காரணம் என்று அம்மா சொல்லுவாள். ஒரு சின்ன இடதுசாரிக் கட்சியில் இருக்கிறேன். எவ்வளவு சின்னது என்றால், எங்கள் மத்திய குழு முழுவதும் ஒரே த்ரீவீலில் ஏறி, போகிற வழியில் டிரைவருக்கும் கொள்கை சொல்லிவிடலாம்.

அப்பா பென்சன் போன மாதம் சபை ஓவசியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட்டுகிறவர்களை மேய்ப்பதுதான் அவருடைய வேலை. அம்மா கதிரையைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"பழனியாண்டி, இனி யாரு? இந்த மகளா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கல்யாண வீட்டில் அடுத்த பொண்ணு யார் என்று விசாரிக்கிற அதே தோரணை.

"சபைத் தலைவருக்கு ஒரு மகன் இருக்காருதானே மாத்தயா, சும்மாதானே சுத்துறாரு? அவர வந்து புடிக்கச் சொல்லுங்க" என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா சுவரைப் பார்த்துச் சிரித்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். ஓவசியர் மாத முடிவு வரைக்கும் தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு ஒரு வெறி. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கியதும் வீடு வீடாகப் போனேன். இன்றைக்கு எங்கள் வீடு, நாளைக்கு உங்கள் வீடு என்று சொன்னேன். சிலர் பிளேன்டீ கொடுத்தார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள், ஒருத்தி "ஒனக்கென்னா, புருசனா புள்ளையா" என்றாள். நான் விடவில்லை. அக்குறணையிலிருந்து தாஸிமைக் கூட்டிவந்து குவாட்டர்ஸ் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைத்தேன்.

தாஸிம் எங்கள் கட்சியின் மூளை. வாப்பாவின் துணிக்கடையில் உட்கார்ந்திருக்கவேண்டிய மனிதர், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் புத்தகப் பையோடு அலைகிறார். நல்ல பேச்சு. சொத்து எப்படி வந்தது, வேலை எப்படி ஒருவன் தலையில் மட்டும் விழுந்தது, நாளைக்கு வரப்போகிற சமுதாயத்தில் யாரும் யாருக்கும் கீழே இல்லை என்றெல்லாம் அழகாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மண்டபம் அமைதியாகக் கேட்டது. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து என் அம்மா, அன்னலட்சுமி, கையைத் தூக்கினாள்.

"தம்பி, நீங்க சொல்ற அந்தச் சமுதாயம் வந்த பெறகு குப்பைய யாரு கூட்டுறது?"

"அந்த நேரம் அதுக்கெல்லாம் மெஷின் ஈக்கும் அம்மா."

"மெஷினு வர்ற வரைக்கும்?"

தாஸிம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாரும் மொற வெச்சுச் செய்வாங்க."

"எல்லாரும்னா? நகைக்கட மொதலாளியுமா?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. தாஸிமும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எவ்வளவு பாடுபட்டு ஆட்களைச் சேர்த்திருக்கிறேன், இந்த மனுசி கூட்டத்தைக் கலைக்கிறாளே என்று அம்மாவை முறைத்தேன்.

ஆனாலும் கூட்டம் கலையவில்லை. அடுத்த ஞாயிறே முடிவெடுத்தோம். குடியிருக்கிறவன் பெயருக்கே வீட்டை உறுதிப் பத்திரம் எழுதிக் கொடு. அதுவரைக்கும் குவாட்டர்ஸ் ஆள் ஒருவரும் விளக்குமாறைத் தொடமாட்டோம். கை தூக்கியவர்களில் அப்பாவும் ஒருவர். பென்சன் போன மனிதருக்கு வாக்கு உண்டா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை.

சபை சும்மா இருக்குமா? ஓவசியர் கோயில் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். குவாட்டர்ஸ் ஆள் எவராவது, ஒரே ஒருவராவது, எதற்காகவாவது டவுன் ரோட்டில் விளக்குமாறு வைத்தால் வேலைநிறுத்தம் அன்றோடு முடிந்ததாகச் சபை எடுத்துக்கொள்ளும். மறுநாள் காலை வேலைக்கு வராதவன் வேலையை விட்டவன். வேலையை விட்டவனுக்கு வீடு இல்லை. எங்களுக்குத் தெரிந்த லோயரைக் கேட்டோம். அப்படிக் கூட்டுவதை ஒரு படம் எடுத்துக் காட்டினால் கோர்ட்டில் நமக்குக் கஷ்டம்தான் என்று அவரும் சொன்னார்.

பயம் யாருக்கு? எனக்குத்தான். கூட்டிக் கூட்டியே பழகிய கைகள், எந்தக் கை எப்போது நழுவும் என்று சொல்ல முடியாது. எல்லா விளக்குமாறையும் வாங்கிக் கோயில் சாமான் அறையில் அடுக்கிப் பூட்டினேன். சாவியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். குளிக்கும்போதும் கழற்றவில்லை.

டவுன் நாறத் தொடங்கியது. முதலில் மரக்கறிச் சந்தை, பிறகு தெரு திரும்புகிற மீன்கடை முடக்கு, பிறகு தெரு முழுவதும். காகங்களுக்குக் கொண்டாட்டம். ஹார்ட்வெயார் கடை முனாப் முதலாளி என்னைக் கண்டதும் வாசலுக்கு வந்து கத்துவார். "புள்ள, ஒங்கட சண்டை சபையோடதானே? எங்கட மூக்கோட ஏன்?" அவருக்குப் பக்கத்து நகைக்கடை ராமகிருஷ்ணன் முதலாளி எங்கள் சாமி கும்பிடுகிற மனிதர், கோயில் திருவிழாவுக்கு முதல் உபயம் அவருடையது. அவர் கத்தவில்லை. வாசலில் சாம்பிராணி போட்டுவிட்டு, குவாட்டர்ஸ் ஆட்களுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கத்தினவர் மேல் அவ்வளவு கோபம் வரவில்லை.

அப்பா டவுனுக்கு இறங்குவதை நிறுத்திவிட்டார். பீடி வாங்கவும் போகவில்லை. "என்னாப்பா, வீட்டுக்குள்ளயே கெடக்குறீங்க?" என்று கேட்டேன்.

"அந்த ரோட்டப் பாக்க ஏலல புள்ள" என்றார்.

"அப்போ ஸ்ட்ரைக்க நிறுத்திரவா?"

"நான் அப்படிச் சொன்னேனா? பாக்க ஏலலன்னுதானே சொன்னேன்."

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிளேன்டீ கேட்டார். அம்மா ஊற்றிக்கொண்டு வந்தபோது மனிதர் கதிரையில் சாய்ந்தபடி போய்ச் சேர்ந்திருந்தார். எனக்கு ஃபோன் வந்தபோது கார்மென்ட்ஸில் மெஷினுக்கு முன்னால் இருந்தேன். பஸ் கிடைக்கவில்லை. நடந்தேன், ஓடினேன், கடைசியில் ஒரு லொறிக்காரன் ஏற்றினான். பாதை முழுக்க நான் அழவில்லை. பாவி மனுசா, இந்த நேரம் பார்த்தா போனீங்க என்று திட்டிக்கொண்டே வந்தேன்.

ஏன் அப்படித் திட்டினேன் என்றால், எங்கள் குவாட்டர்ஸில் ஒரு வழக்கம் உண்டு. எங்களில் ஒருவர் செத்தால் குவாட்டர்ஸ் கேட்டிலிருந்து கடைத்தெரு வழியாகச் சுடுகாடு வரைக்கும் எல்லாரும் சேர்ந்து ரோட்டைக் கூட்டுவோம். கூட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் பெட்டி வெளிக்கிடும். மற்றவர்கள் பூ கொட்டுவார்கள், வெடி போடுவார்கள். எங்களிடம் இருப்பது விளக்குமாறுதான். வருசம் முழுக்கச் சம்பளத்துக்குக் கூட்டுகிற கை அந்த ஒரு நாள் நம் ஆளுக்காகக் கூட்டும். குழாயடியில் பெண்கள் சண்டை போட்டால் கடைசிச் சாபமே "நீ கூட்டாத ரோட்டுலதான்டி போவ" என்பதுதான். அதற்கு மேல் ஒரு சாபம் எங்களிடம் கிடையாது.

நான் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்னே மோகனராஜ் வந்து நின்றான். அப்பாவோடு ஒரே வண்டி தள்ளியவன், என்னைவிட நாலைந்து வயசு இளையவன், கைக்குழந்தைக்காரன்.

"அக்கா, சாவியத் தாங்க."

"என்னா சாவி?"

"என்னா சாவின்னு தெரியாதா? மாமாவுக்கு ரோட்டக் கூட்டணும்."

"கூட்டினா நாளைக்கு ஒன் புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க போவ? பஸ் ஸ்டேண்டுக்கா?"

அவன் அழுதான். "அதெல்லாம் தெரியாதுக்கா. மாமா கூட்டாத ரோட்டுல போக ஏலாது."

மீன்கடை முடக்கில் ஓவசியர் ஏற்கெனவே வந்து நின்றுவிட்டார் என்று சொன்னார்கள். கையில் ஃபோனோடு. செத்த செய்தி சபைக்கு எட்ட எவ்வளவு நேரம் எடுக்கும்? எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாதா? இருபது வருசமாக எங்களை மேய்க்கிற மனிதர். எப்படியும் இன்றைக்குக் கூட்டுவான்கள் என்று தெரிந்துதான் நின்றார்.

தாஸிம் சாயங்காலம் வந்தார். கோயில் பின்பக்கம் என்னைக் கூப்பிட்டார். "கஜனி, மௌத்து வீடு. ஆக்கள்ட மனசு ஒடஞ்சி ஈக்கி. ஒரு நாளைக்கு விட்டுக்குடுத்தா என்ன? பொறகு கோர்ட்ல பாத்துக்கொள்ளலாம்."

"கோர்ட்ல நீங்களா போய் வீடு கட்டிக் குடுப்பீங்க?" என்று கத்தினேன். "இத்தன ஞாயிறா எங்களுக்கு என்னா பாடம் சொன்னீங்க? இப்ப அத மடிச்சிப் பைக்குள்ள வச்சிக்கிட்டீங்களா?"

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் போய்விட்டார். மேலே பேசியிருந்தால் அடித்திருப்பேன்.

வீட்டில் அம்மா பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். நான் உள்ளே போனதும் எழுந்து வந்தாள்.

"ஒங்கப்பன நாத்தத்துக்குள்ள தூக்கிட்டுப் போவப் போறியா?"

"அம்மா, ஒரு செத்தவருக்காக உசுரோட இருக்கிறவங்க எல்லாரோட வீட்டையும் குடுக்கச் சொல்றியா?"

பளாரென்று அறைந்தாள். முப்பத்திரண்டு வயசுப் பொம்பளையை, ஊர் முழுக்கப் பார்க்க. அறைந்துவிட்டு அப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கன்னம் வலிக்கவில்லை. செத்தவர் என்று சொல்லிவிட்டேனே, என் அப்பாவை, அந்த வார்த்தைதான் வலித்தது.

மறுநாள் காலையிலிருந்து நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கேட்டுக்குப் போனேன், கோயிலுக்கு வந்தேன், பூட்டை இழுத்துப் பார்த்தேன், மறுபடி கேட்டுக்குப் போனேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளைக்கொடி கட்டினார்கள், தப்படிக்கிறவர்கள் வந்தார்கள். ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குவாட்டர்ஸ் முழுவதும் என்னைச் சபித்துக்கொண்டே என் சொல்லைக் கேட்டது. அது எனக்குத் தாங்க முடியவில்லை. யாராவது பூட்டை உடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்றுகூட நினைத்தேன்.

மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். எங்களில் பெண்கள் கேட்டோடு நின்றுவிடுவது வழக்கம். அம்மா நிற்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மஞ்சள் தண்ணீர்ப் போத்தலோடு பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். "அன்னலட்சுமி, நீ எங்க வர்ற" என்று யாரோ கேட்டதற்கு அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் போனதால் நானும் போனேன்.

கடைத்தெரு தொடங்கும் இடத்திலேயே நாற்றம் மூக்கில் அடித்தது. கோவா இலை, மீன் செதில், சோறு சுற்றிய லஞ்ச் ஷீட், பிள்ளைகளின் பம்பர்ஸ், கோழி இறகு, எல்லாம் மழையில் ஊறிக் குழம்பாகிக் கிடந்தன. தூக்கியவர்கள் கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். கடைக்காரர்கள் வாசலில் எழுந்து நின்றார்கள், மரியாதைக்குத்தான், ஆனால் பாதிப் பேர் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு. அப்பா எத்தனை பேரின் சாவு ரோட்டைக் கூட்டியிருப்பார்!

முனாப் முதலாளி கடைக்கு முன்னால் குப்பை ரோட்டை அடைத்துக் கிடந்தது. மோகனராஜ் அதில் கால் வைத்தான், வழுக்கினான். பெட்டி சாய்ந்தது. கூட்டம் முழுக்க "ஐயோ" என்றது. எப்படியோ பிடித்துக்கொண்டார்கள். தப்புச் சத்தம் நின்றுவிட்டது. இனி ஒரு அடி எடுத்து வைக்க வழியில்லை. மோகனராஜ் பெட்டியைத் தோளில் வைத்தபடியே திரும்பி என்னைப் பார்த்தான். முடக்கில் ஓவசியர் ஃபோனைத் தூக்கிப் பிடித்தார்.

நான் சங்கிலியைக் கழற்றினேன். உள்ளதைச் சொல்கிறேன், கழற்றிவிட்டேன். சாவி என் உள்ளங்கையில் இருந்தது. வீடு போனால் போகட்டும், எல்லாரும் நாசமாய்ப் போகட்டும், என் அப்பாவைக் கீழே போடமாட்டேன் என்றுதான் அந்த நேரம் நினைத்தேன். யாரிடம் கொடுப்பது என்று பார்த்தேன்.

அம்மா என்னைத் தாண்டிப் போனாள். நேரே முனாப் முதலாளியின் கடைப் படியில் ஏறினாள்.

"மொதலாளி" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் தெரு அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "எங்க வீட்டுக்காரரு ஒங்க வாசல எவ்வளவு காலம் கூட்டுனாருன்னு ஒங்களுக்கே தெரியும். இன்னிக்கி எங்காளுக தொட்டா புள்ளைகளுக்கு வீடு போயிரும். அதனால நீங்க கூட்டுங்க. ஒங்க வாசல மட்டும். அவரு போற அளவுக்கு."

முனாப் முதலாளி திரும்பி, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற வேலையாளைப் பார்த்தார்.

"அவரு இல்லீங்க மொதலாளி" என்றாள் அம்மா. "நீங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது, என் மேலேயே. இரண்டு நாளாக நான் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தேன். தாஸிம் கோர்ட்டைப் பற்றி யோசித்தார். மோகனராஜ் அழுதான். குவாட்டர்ஸ் முழுவதும் கூட்டுவதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டது. வேறு ஒருவர் கூட்டலாம் என்று எங்களில் ஒருத்தருக்காவது தோன்றியதா? தாஸிம் குவாட்டர்ஸ் ஆள் இல்லை, அவர் நேற்றே ஒரு விளக்குமாறை எடுத்திருக்கலாம். அவருக்கும் தோன்றவில்லை, அவரிடம் கேட்க எனக்கும் தோன்றவில்லை. ரோடு என்றால் நாங்கள்தான் கூட்டவேண்டும், நாங்கள் கூட்டாவிட்டால் அது கூட்டப்படாது. சபை எழுதி வைத்த சட்டத்தை எதிர்த்துக் கிழித்த நாங்கள், எழுதாத அந்தச் சட்டத்தை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

முனாப் முதலாளி பெட்டியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "அல்லாஹ்வே" என்று முனகிக்கொண்டு சாரத்தை மடித்துக் கட்டினார். வாசலில் விற்பனைக்குத் தொங்கிய விளக்குமாறுகளில் ஒன்றை இழுத்து எடுத்தார். விலை ஒட்டியிருந்த துண்டு அதிலேயே இருந்தது. இறங்கிக் கூட்டினார்.

கூட்டினாரா அது! எங்கள் சின்னப் பிள்ளைகள் இதைவிட நன்றாகக் கூட்டும். பாதி அவருடைய வெள்ளைச் சாரத்தில் தெறித்தது. மிச்சத்தை ஒரே தள்ளாகத் தள்ளினார், அது போய் நகைக்கடை வாசலில் விழுந்தது.

"ஓய் முனாப்!" ராமகிருஷ்ணன் முதலாளி துள்ளி எழுந்தார். "என்னா இது, என் வாசல்ல தள்ளுறீங்க?"

"நீங்க அங்கால தள்ளுங்க!"

"நானா?"

"பின்ன? நான் தள்ளேல்லயா? எனக்கு மட்டும் கை ஈக்கிதா?" முனாப் முதலாளி இன்னொரு விளக்குமாறை உருவி அவர் பக்கம் எறிந்தார். அது போய்ச் சாம்பிராணிச் சட்டியில் பட்டது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சாவு ஊர்வலத்தில் சிரிக்கலாமா என்று கேட்காதீர்கள், நானும் சிரித்தேன். ராமகிருஷ்ணன் முதலாளி தெருவை மேலும் கீழும் பார்த்தார். கோயில் திருவிழாவில் தன் கையால் விபூதி வாங்குகிற அத்தனை பேரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அம்மா அவர் வாசலுக்கும் போகத் தொடங்கினாள். அவள் வந்து சேருமுன் மனிதர் விளக்குமாறைப் பொறுக்கிவிட்டார். வெட்கமோ பக்தியோ எனக்குத் தெரியாது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். அவர் தள்ளியது பேக்கரி வாசலுக்குப் போனது. பேக்கரிக்கார அம்மா, எல்லாருக்கும் நோனா, சிங்களத்தில் இரண்டு பேரையும் ஏசிவிட்டு, வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். தெரு பள்ளத்துக்கு இறங்குவதால் தண்ணீரோடு குப்பையும் இறங்கியது. அடுத்த கடைக்காரன் தள்ளினான், அதற்கடுத்தவன் தள்ளினான். பெட்டி மெதுவாக அவர்களுக்குப் பின்னால் நகர்ந்தது.

எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். மருந்துக்கடைக்காரன் ஷட்டரை இழுத்து மூடிவிட்டான். இன்னும் இரண்டு பேர் உள்ளே போய் ஒளிந்துகொண்டார்கள். மருந்துக்கடை வாசலில் குப்பை தேங்கி நின்றது. அங்கே தாஸிம் போனார். என் முகத்தைப் பார்க்காமல், முனாப் முதலாளியிடம் ஒரு விளக்குமாறைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பிடி எது தலை எது என்று தெரியாத மாதிரித்தான் பிடித்தார். ஆனால் கடைசிவரைக்கும் கூட்டினார்.

ஓவசியர் கொஞ்ச நேரம் படம் எடுத்தார். பிறகு ஃபோனில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்த்தார். முனாப் முதலாளி, ராமகிருஷ்ணன் முதலாளி, பேக்கரி நோனா, அக்குறணைத் தாஸிம். குவாட்டர்ஸ் கை ஒன்றுகூட இல்லை. முனாப் முதலாளியிடம் வந்து இது என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டார்.

முனாப் முதலாளி மூச்சு வாங்க விளக்குமாறை ஊன்றி நின்றார். "ஏன் மாத்தயா, கூட்டுற ஆளுக்குத்தானே சபை வீடு குடுக்குறது? நான் கூட்டிட்டன். எனக்கு எந்த வீட்டத் தாறீங்க?"

தெரு முழுக்கச் சிரித்தது. ஓவசியர் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கந்தோர்ப் பக்கம் நடந்தார். அவருக்கு முன்னால் குப்பை போய்ச் சேர்ந்திருந்தது. கடைசிக் கடைக்காரனுக்குத் தள்ள வேறு இடமில்லை, சபைக் கேட்டுக்கு முன்னால்தான் தள்ளினான். கேட் திறக்க முடியாத அளவுக்கு அங்கே குவிந்து கிடந்தது. ஓவசியர் சாரம் உடுத்திருந்தால் மடித்துக் கட்டியிருப்பார், காற்சட்டையோடு தாண்டிப் போனார்.

அம்மா போத்தலைத் திறந்து மஞ்சள் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போனாள். சபைக் கேட்டுக்கு முன்னாலும் தெளித்தாள். தப்பு மறுபடி அடித்தார்கள். அப்பாவைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்தோம். மோகனராஜ்தான் கொள்ளி வைத்தான், எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. அப்போதும் நான் அழவில்லை. சாவி கையிலேயே இருந்தது, அதை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை சிவந்துபோயிருந்தது.

வேலைநிறுத்தம் முடியவில்லை. சபை எங்களைப் பேச வரச்சொல்லிச் சுடுகாட்டுக்கே ஆளனுப்பியது, எப்போது என்று மட்டும் சொல்லவில்லை. வீடுகள் கிடைக்குமா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. நாளைக்கு மறுபடி குப்பை சேரும், முனாப் முதலாளி மறுபடி கத்துவார், அதுவும் எனக்குத் தெரியும். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது தாஸிமிடம் இதையெல்லாம்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். இன்னும் அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் ரோட்டோரக் கல் தடுக்கியபோது என் கையைத்தான் பிடித்தாள், பிறகு விடவில்லை.

கடைத்தெரு காலியாக, சுத்தமாக, ஈரமாக இருந்தது. கண்டி பஸ் ஒன்று வந்து நின்றது. ஒருவன் இறங்கினான், எங்கள் ஊர்க்காரன் இல்லை, தோளில் பை, கையில் வடை. கடைசி வாய் வடையைப் போட்டுக்கொண்டு எண்ணெய்க் கடதாசியைக் கசக்கி ரோட்டில் எறிந்தான்.

"டேய்!" என்றேன். அந்தச் சத்தம் என்னிடமிருந்தா வந்தது என்று எனக்கே தெரியவில்லை. "எடுடா! எங்கப்பா இப்பதான்டா போனாரு இந்த ரோட்டுல. எடுடா அத!"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தான், பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்தான், எங்கள் ஈரத் தலைகளைப் பார்த்தான். குனிந்து கடதாசியை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். "மன்னிச்சுக்கங்க அக்கா" என்றான்.

அவ்வளவுதான். நடு ரோட்டில், அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து, அப்பா, அப்பா என்று வாய்விட்டு அழுதேன்.